மிர்வோஹித் வாத்தியாரின் இருநூறு லிட்டர் ஆரல் கடல்

உலக வரைபடத்தைத் திருத்தியாக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சம்பந்தப்பட்ட அனைவருக்கும் இதன் மூலம் அறிவிக்கப்படுகிறது. உஸ்பெகிஸ்தானுக்குப் பெருங்கடல் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் ஐந்து நாடுகளுக்கும் கிடையாது. தாஷ்கண்ட் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகளாக மிர்வோஹித் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டிய இந்த உண்மை, அக்டோபர் மாதம் மூன்றாம் வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்குக் காலாவதியானது. பெருங்கடல் வந்து சேர்ந்துவிட்டது. மொத்தம் நூற்றெண்பது லிட்டர். டயர் கடைக்காரர் கோச்கோரின் கூடத்தில், அலமாரிக்கும் டிவிக்கும் நடுவில்.

அன்று கோச்கோர் வீட்டில் முறைவிருந்து. ஒரே வகுப்பில் படித்த ஏழு பேர், மாதத்துக்கு ஒரு வீடு, ஒரு கொப்பரை பலோவ் என்ற கறிச்சோறு, விடிய விடியப் பேச்சு என்று முப்பது வருடமாக நடப்பது. பேச்சு என்றால் மிர்வோஹித் பேசுவார், மற்ற ஆறு பேரும் கேட்பார்கள். வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் மரியாதை மெத்தை அவருக்குத்தான். அப்படி யாரும் தீர்மானம் போடவில்லை. அவர் போய் உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

அன்றும் உட்கார்ந்தார். பனியாறுகள் உருகுவதைப் பற்றி ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில்தான் கவனித்தார், தனக்கு முன்னால் இருப்பவை ஆறு முதுகுகள்.

"இது என்னடா, மூச்சு விடுதா?" என்றான் தோலிப், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கொத்து, குழந்தையின் விரல்கள் போல விரிந்தும் மூடியும் விரிந்தும் மூடியும் இருந்தது.

"மென்பவளம்டா. எலும்பில்லாத பவளம். இந்தா, குடை மாதிரி இருக்கே, அதுவும் அதே சாதிதான். திராட்சைக் கொத்து மாதிரி பச்சையா இருக்கறது கடற்பாசி, தண்ணியில இருக்கற அழுக்கையெல்லாம் அதுதான் தின்னுது," என்றார் கோச்கோர்.

"மீன் எங்க?"

"மீன் இல்ல."

"மீன் இல்லாத மீன்தொட்டியா? அப்ப பொரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் திரும்பவில்லை. கடல்களைப் பற்றிப் பாடம் எடுப்பவர் வாத்தியார். ஒகோத்ஸ்க் கடலின் சராசரி ஆழம் அவருக்குத் தெரியும். கடலை நேரில் பார்த்ததில்லை. அது வேறு விஷயம். எட்டாம் வகுப்பில் புவியியலில் இரண்டு முறை கோட்டை விட்ட கோச்கோர் வீட்டிலா அது வந்து இறங்க வேண்டும்?

"உப்பு எங்கேயிருந்து வாங்கினே?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஜெர்மன் உப்புடா. இதுக்குன்னே செய்யறாங்க."

"ஜெர்மன் உப்பு!" வாத்தியார் தேநீர்ப் பியாலாவைக் கீழே வைத்தார். "நமக்குன்னு ஒரு கடல் இருந்தது, ஞாபகம் இருக்கா? ஆரல்! அது வத்திப்போன தரையில உப்பு மலையாக் கிடக்கு. இவர் ஜெர்மன்காரன்கிட்ட கையேந்துறார். ஜனவரியில என் முறைதானே? வாங்க, காட்டறேன். நம்ம கடல்ல பவளம் வளர்த்துக் காட்டறேன்."

இப்போது ஆறு பேரும் திரும்பினார்கள். அந்த ஒரு நிமிட சுகத்துக்கு அவர் கொடுக்கப்போகும் விலை அப்போது அவருக்குத் தெரியவில்லை.

"அந்த உப்பு வேணாம்டா மிர்வோஹித்," என்றார் கோச்கோர். "பருத்தி வயல் பூச்சிமருந்தெல்லாம் ஓடிப்போய் அங்கதான் படிஞ்சிருக்கு. நான் தர்றேன், ஒரு மூட்டை எக்ஸ்ட்ரா இருக்கு. பவளத்துலகூட ஒரு துண்டு வெட்டித் தர்றேன்."

"ஆரலைப் பத்தி எனக்கா பாடம்? நீ போய் டயருக்குக் காத்து அடி."

மனைவி ஹோசியத்தின் சித்தப்பா மகன் நுகுஸ் பக்கம் லாரி ஓட்டுகிறான். முய்னாக்கில் காய்ந்த கடல் தரையிலிருந்து ஒரு மூட்டை வந்தது. சாம்பல் நிறம். வாத்தியார் இருநூறு லிட்டர் தொட்டி வாங்கினார். நூற்றெண்பதைவிட இருநூறு பெரியது என்பது தொடக்கப் பள்ளிக் கணக்கு. உப்பைக் கரைத்தார், துணியில் வடிகட்டினார், பள்ளி ஆய்வுக்கூடத்து அடர்த்திமானியை மிதக்கவிட்டார். அளவு கச்சிதமாக இருந்தது.

"பார்த்தியா? கடல் தண்ணியேதான்!"

"ஊறுகாய்த் தண்ணிகூட இந்த அளவுதான் வரும்," என்றாள் ஹோசியத்.

கல்லையும் தண்ணீரையும் மட்டும் வைத்துவிட்டு, தண்ணீர் பக்குவப்பட எட்டு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கோச்கோர் சொல்லியிருந்தார். டயர்க்காரனுக்கு எட்டு வாரம் என்றால், படித்தவனுக்கு மூன்று போதும். நான்காவது வாரம் அல்மாத்தி வியாபாரி ஒருவரிடமிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஒரு குடைப் பவளமும் ஒரு பை பாசியும் வந்தன.

பாசி ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் பச்சை நிறத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் காகிதம் மாதிரி நின்றது. ஏழாம் நாள் நிற்கவும் இல்லை. குடைப் பவளம் மடங்கிச் சுருங்கி, வேகவைத்த மாவுத்தோல் போல ஆனது. வாத்தியார் அதைத் தினமும் காலையில் பார்த்தார், மாலையில் பார்த்தார், இடையில் வகுப்பறையில் நினைத்துப் பார்த்தார். நவம்பர் விருந்திலும் டிசம்பர் விருந்திலும் கேட்டவர்களிடம், "ஆழ்கடல் உயிரினம் நிதானமாத்தான் திறக்கும்" என்று சொன்னார். கோச்கோர் கேலிகூடச் செய்யாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அதுதான் வாத்தியாருக்கு அதிகம் எரிந்தது.

பிறகு டிசம்பர் கடைசியில், யாரும் எதிர்பாராமல், தண்ணீர் தெளிந்தது. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது மூலையில் பச்சைக் கொத்து ஒன்று தலைகாட்டியது. அடுத்த வாரம் குடை விரிந்தது, முன்பைவிடக் கொஞ்சம் குட்டையாக, ஆனால் பூரணமாக. ஜனவரி இரண்டாம் வாரம் ஆரல் கடல் உயிர்பெற்றுவிட்டது. வாத்தியார் கட்டுரை ஒன்று எழுதத் தொடங்கினார்.

விருந்து நாள். பலோவை வீட்டு ஆண்தான் கொப்பரையில் ஏற்ற வேண்டும். ஆட்டுக்கொழுப்பு உருகிக்கொண்டிருக்க, குளிருக்கு பால்கனியில் வைத்திருந்த கேரட்டை எடுக்கப் போனார் வாத்தியார். கேரட் மூட்டைக்குப் பின்னால் இருபது லிட்டர் நீலக் கேன் ஒன்று நின்றது. அதன் மேல் வெள்ளைப் பெயின்டில், கோச்கோர் கடையின் பெயர்.

திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கடல்.

"ஹோசியத்!"

அவள் மாவுக் கையோடு வந்தாள். கேனைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்து, அந்தச் சிரமம் வேண்டாம் என்று முடிவுசெய்தது முகத்திலேயே தெரிந்தது.

"நாலு தடவை வந்தார். நீங்க பள்ளிக்கூடம் போன பெறகு. தண்ணியை மாத்தி மாத்தி ஊத்தினார்."

"யார் கூப்பிட்டது?"

"நான்தான். வீடே செத்த குளம் மாதிரி நாறிச்சு. நீங்களோ சாப்பாட்டை வச்சுட்டு அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க."

"அந்தப் பாசி?"

"அவரோடது."

"பவளம்? பவளம் என்னோடதுதானே?"

"அது டிசம்பர்லயே கரைஞ்சு போச்சுங்க. இது அவரோட பெரிய குடையில வெட்டின துண்டு."

"அப்ப இதுல என்னோடது எதுதான்டி?"

ஹோசியத் நியாயமாக யோசித்தாள். "கண்ணாடி."

வாத்தியார் கேரட்டை அரியத் தொடங்கினார். மெல்லிசாக, நீளமாக, மிக நீளமாக. கடலில் முந்தினான், சரி. யாரிடமும் சொல்லிக் காட்டாமல், கேலி செய்யாமல், கேனைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறியிருக்கிறான். நல்லவனாக இருப்பதிலும் அவனே முந்திக்கொண்டான். இதற்கு மன்னிப்பே கிடையாது. கேரட்டைப் போட்டார், சீரகத்தைப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், அரிசியைப் பரப்பினார். கை வேலை செய்தது. மனம் நீலக் கேனையே சுற்றிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்ற எண்ணமும் வந்தது. அரிசி வேகும் நேரம் முழுக்க இருந்தது. பிறகு போய்விட்டது.

ஆறு பேரும் வந்தார்கள். தொட்டி விளக்கு எரிந்தது. தோலிப் வாயைப் பிளந்தான். "டேய் வாத்தியாரே! நிஜமாவே ஆரலாடா இது?"

மிர்வோஹித் எழுந்து நின்றார். முதல் முறையாகக் கோச்கோர் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் தன் பவளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்த தகப்பன் மாதிரி, நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று.

"ஆரல்தான்," என்றார் வாத்தியார். "செத்துப்போச்சுன்னு உலகமே கைவிட்ட கடல்."

"நல்லா வந்திருக்குடா," என்றார் கோச்கோர்.

பெரிய தட்டில் பலோவ் வந்தது. வாத்தியார் மரியாதை மெத்தையில் அமர்ந்து, கட்டுரையை நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார்: கடல்கள் அழிவதும் எழுவதும், தாய்மண்ணின் உப்பு, அறிவும் பொறுமையும் சேர்ந்தால் நிகழும் அதிசயம். பதினொரு நிமிடம் பேசினார். நான்காவது நிமிடத்தில் அவருக்கு முன்னால் ஆறு முதுகுகள் இருந்தன. எல்லோரும் தொட்டிப் பக்கம் திரும்பி, கையெட்டிச் சோற்றை அள்ளியபடி, குடை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கண்ணாடிகூட அவர் சொந்தக் காசில் வாங்கியது.

"என்னடா, யாராவது ஏதாவது சொல்லுங்களேன்!" என்றார் கடைசியில்.

தோலிப் மட்டும் திரும்பினான். மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். சொல்ல ஒரு விஷயம் இருப்பவன் போல, தயக்கத்தோடு மற்றவர்களைப் பார்த்தான்.

பலோவில் உப்பு போடவில்லை.