முதல் மூச்சு

மருத்துவமனைத் துணிகளை வெளுத்து அனுப்பும் அந்தச் சலவை ஆலையில் வேன் சாவிகள் அவன் பொறுப்பு. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சாவி என்றால் அவன்தான். காலையில் ஓட்டுநர்கள் ஜன்னலுக்கு வந்து, குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியை அவன் நீட்ட, அதில் ஊத வேண்டும். பூஜ்யம் வந்தால் சாவி கிடைக்கும். இல்லையென்றால் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். கருவி துப்பும் சீட்டுகளைத் தேதிவாரியாக நோட்டில் ஒட்டி வைப்பான்.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நாளின் முதல் மூச்சை அவனே ஊதுவான். ஓட்டுநர் எண் கேட்கும் இடத்தில் நாலு பூஜ்யம் தட்டுவான். குடிப் பழக்கம் இல்லாதவன். பதினோரு வருஷமாக அந்த மூச்சு சுத்தம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு காலையில், நாலு பூஜ்யத்துக்குப் பதிலாகத் தங்கச்சி புருஷனின் எண்ணைத் தட்டி ஊதினான்.

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே ஈரத் தலையோடு நின்றான். கையில் காப்பி.

"பச்சைத் தண்ணியில குளிச்சாச்சு மச்சான். இது மூணாவது காப்பி. நாலு மணி நேரம் நல்லாத் தூங்கிட்டேன். குடிச்சதும் வெறும் பீர். உள்ள ஒண்ணும் இல்ல, வாடைதான் இருக்கும். இந்த டப்பா வாடையப் பிடிச்சுக்கிட்டுக் கோள் சொல்லும். நீயே ஊதிடேன்."

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. குளித்தால் இறங்கும், காப்பியில் தெளியும், பீர் குடியில் சேராது என்று கேட்டே வளர்ந்தவன். ஆள் நேராக நின்றான், நாக்கு குழறவில்லை. தூங்கிக் கிடக்க வேண்டிய போதையைக் காப்பி கண்ணைத் திறக்க வைத்து வண்டியில் ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்கு அது அவனுக்குத் தெரியவில்லை.

நாற்பது நிமிஷத்தில், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடச் சமையற்காரம்மா மேல் மாப்பிள்ளை ஓட்டிய நாலாம் நம்பர் வேன் ஏறியது. அந்தம்மா பிழைக்கவில்லை.

போலீஸ் வந்தது. சீட்டைப் பார்த்தது. பூஜ்யம். மழை, வழுக்கல் என்று எழுதிக்கொண்டு போனது. அந்தத் தேதியில் நாலு பூஜ்யச் சீட்டு இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தம்மாவின் புருஷன் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. வண்டி ஓட்டினவர் குடிச்சிருந்தாரா?" என்றார். சாவி நோட்டைத் திருப்பிக் காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார். "தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து சாவிக்கு மூச்சு வருவதில்லை. நடப்பான், சாப்பிடுவான், சிரிக்கக்கூடச் செய்வான். கருவியை வாயில் வைத்தால் மட்டும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். 'மூச்சு போதவில்லை' என்று திரையில் எழுத்து ஓடும். நாலாவது தடவை, அஞ்சாவது தடவையில்தான் ஏற்கும். ஊதும் நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நாலாம் நம்பர் நிற்கும். புது பெயின்ட். இடது விளக்கை மாற்றியிருந்தார்கள். வலது விளக்கைவிட அது வெளுப்பு. ஒரு கண்ணால் முறைப்பது போல இருக்கும்.

விபத்துக்குப் பிறகு வீட்டிலிருந்த மாப்பிள்ளை இன்றைக்கு வேலைக்குத் திரும்பினான். ஈரத் தலை. கையில் காப்பி.

"என்ன மச்சான், பேயடிச்ச மாதிரி இருக்க?"

"குடிச்சியா?"

"ராத்திரி ரெண்டு பீர். சரி, நாலு. அதெல்லாம் ஒரு குடியா? குளிச்சு, தூங்கி, மூணு காப்பி குடிச்சு வந்திருக்கேன். அன்னிக்கு மாதிரி நீயே ஊது. இந்த வேலையும் போனா உன் தங்கச்சிதான் பாவம்."

சாவி அவன் எண்ணைத் தட்டினான். கருவியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனான். தினமும் ஊதிப் பழகிய கை. வெளியே அந்த வெளுத்த விளக்கு. ஊதினான். மூச்சு போதவில்லை. மறுபடியும். போதவில்லை.

ஜன்னல் வழியாக நீட்டினான். "எங்கிட்ட மூச்சு இல்ல மாப்ள. நீயே ஊது."

"ஊதுறேன், எனக்கென்ன பயம்?" தன் காப்பி மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை. நீளமாக ஊதினான். திரை சிவந்தது. அறுபத்திரண்டு.

"டப்பா கெட்டுப்போச்சு."

"இல்ல."

மாப்பிள்ளை எண்ணைப் பார்த்தான். கையிலிருந்த காப்பியைப் பார்த்தான். இன்றைக்குச் செய்ததை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. குளியல், தூக்கம், மூணு காப்பி.

"அப்போ அன்னிக்கும்..." என்றான். ஐந்து மாதமாக இவன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான் என்பது சாவிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் தெளிவாக இருந்ததாகவே நம்பியிருக்கிறான்.

மாப்பிள்ளை சுவரோரம் உட்கார்ந்தான். சாவி நோட்டைத் திறந்து, அந்தத் தேதிக்குப் போய், மாப்பிள்ளையின் சீட்டுக்குக் கீழே 'இது என் மூச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தங்கச்சியின் முகம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளிலிருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டான்.

"யாருங்க?"

"சலவை ஆலையிலேருந்து பேசுறேன். அன்னிக்குக் கேட்டீங்களே. குடிச்சிருந்தார். அவருக்குப் பதிலா நான்தான் ஊதினேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து இழுத்து. சாவி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.