நூற்றிருபது நாள் பேசிய ரத்தம்

2002ஆம் வருஷம் கார்த்திகை இரண்டாம் தேதி, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த லேபில், அரியமுத்துவின் ரத்தம் குழாய்க்குள் இருந்தபடியே வாய் திறந்து பேசியது. அன்று தக்காளி மலிவு.

அரியமுத்து சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவன். குடியை விட்டுவிட்டதாக மனைவி பரிமளாவிடம் ஒன்பது முறை சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன். பத்தாவது சூடத்தை அவள் ஏற்றவே விடவில்லை. ஈரலின் நிலையைச் சொல்லும் ஜி.ஜி.டி. சோதனையில் குடியும் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இருப்பதா, பூலாம்பாடியிலுள்ள தாய்வீட்டுக்குப் போவதா என்று முடிவெடுப்பேன் என்றாள். அவன் அசரவில்லை. முந்தின நாள்தான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். ஊரே சாமி, சாமி என்று கூப்பிடுகிறபோது உள்ளே ஓடுகிற ரத்தமும் சாமிதானே என்பது அவன் நினைப்பு. அட, நம்பிக்கையைப் பாருங்கள்!

“கைய நீட்டுங்க சாமி,” என்றார் லேப்காரர் சிவசுப்பிரமணியன். குழாய் நிரம்பியதும், அரியமுத்துவின் அதே கரகரத்த குரலில் ரத்தம் சொன்னது: “மால போடுறதுக்கு மொத நாளு ஆறு குவார்ட்டரு. அதுக்கு முந்தின நாளு நாலு.” அப்படியே பின்னோக்கி ஆடி மாதம் வரைக்கும் ஒப்பித்துவிட்டுத்தான் மூச்சு வாங்கியது. பரிமளா அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அரியமுத்து இடிந்துபோனான். “சார், இது எப்ப சார் வாய மூடும்?”

“சிவப்பணுவுக்கு ஆயுசு நாலு மாசங்க. நீங்க குடிச்சதப் பாத்ததெல்லாம் செத்து, புதுசு வரணும். நடுவுல ஒரு சொட்டு தொட்டீங்க, மறுபடி மொதல்லேருந்துதான்.”

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று, கூட்டாளிகள் வருஷா வருஷம் போலக் கடை வாசலில் அவனுக்காகக் காத்திருந்தார்கள். நாக்கு ஊறியது, கால் இழுத்தது, பாவம், அழுகையே வந்துவிட்டது. லாரியைத் திருப்பி நேரே லேபுக்கு விட்டான். ரத்தம் அன்று பாதிப் பேச்சில் மறந்துபோய்த் திணறியது. தை போனது, மாசியும் போனது.

பங்குனியில் சிவசுப்பிரமணியன் போன் போட்டுப் பரிமளாவை வரவழைத்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். குழாய் நிரம்பியது. ரத்தத்திடம் ஒப்பிக்க ஒரு குவார்ட்டர் கணக்கும் மிஞ்சியிருக்கவில்லை. அதற்குப் பதில், பதினாறு வருஷக் குடித்தனத்தில் அரியமுத்துவின் வாயிலிருந்து ஒருநாளும் வராததைச் சொன்னது: “நீ இல்லாம என்னால முடியல பரிமளா.”

அரியமுத்து வெட்கம் தாங்காமல் சுவரைப் பார்த்தான்.

“இத வாயால சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?” என்று பரிமளா அழுதுகொண்டே கேட்டாள். சிவசுப்பிரமணியன் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.