பேருக்குச் சொந்தக்காரர்

பெற்றோல் காசைக் கட்டிவிட்டு ஜெயரட்ணம் வெளியே வந்தபோது, அவருடைய மொரிஸ் காரைச் சுற்றி மறுபடியும் ஆட்கள் நின்றார்கள். தொப்பி போட்ட கிழவர் ஒருவர், தன் தகப்பனிடமும் இதே கார் இருந்ததென்று அவர் மனைவி நாகேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லியபடியே பின்கதவை மேலே தூக்கி, சீற்றை மடித்தால் எத்தனை அரிசி மூட்டை வைக்கலாமென்று காட்டினாள். கிழவர் "லவ்லி, லவ்லி" என்று உருகிப்போனார். ஜெயரட்ணத்துக்குக் கிடைத்தது ஒரு தலையாட்டல். பெற்றோல் அடிக்கிற ஆளென்று நினைத்தாரோ என்னவோ.

காரை வாங்கியவர் ஜெயரட்ணம். வவுனியாவில் வங்கி மனேஜராக இருந்த மனிதர், நாடு விட்டுக் கிளேட்டனுக்கு வந்த பிறகு ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரனும் நின்று அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. ஊரெல்லாம் கொரோலா கார் வைத்திருந்தால் யார் கேட்பான்? அதனால்தான் வயது இருபத்தாறு ஆன இந்த இங்கிலிஷ் காரைத் தேடிப்பிடித்தார். "பழைய இரும்பைக் காசு குடுத்து வாங்கிப்போட்டார்" என்று சிநேகிதர்கள் சிரித்தபோது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டார். காரோடு வந்த கையேட்டை மனப்பாடமே செய்தார்.

ஆனால் கார் அவர் சொற்கேட்கவில்லை. குளிர்காலைகளில் சோக்கை முழுதாக இழுத்து, எஞ்சினைப் பெற்றோலில் குளிப்பாட்டி, வேர்த்து விறுவிறுத்துப் போவார். நாகேஸ்வரி வந்து பாதி இழுத்து, ஒரு பிள்ளையாரைச் சொல்லித் திறப்பைத் திருப்பினால், மருமகன் வீட்டுக்கு வந்ததுபோல மரியாதையாக ஸ்டார்ட் ஆகும். கிடங்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்ததால் அவர் ரயிலில் போனார். அவள் ரோவிலில் இருக்கும் முதியோர் இல்லத்துக் குசினிக்குச் சமையல் வேலைக்கு மொரிஸில் போனாள். எண்ணெய் பார்க்க, தண்ணீர் விட, ஆடிக் கழன்ற வயரை அமத்த, எல்லாம் பழகிக்கொண்டாள். போகிற இடமெல்லாம் அவளை மறித்து ஆட்கள் பேசினார்கள்.

அவருக்கு வயிறு எரிந்தது. வேறொரு ஆணைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். கட்டின பெண்சாதியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை என்னவென்று சொல்வது?

எதிர்வீட்டு கீத் இதற்கு எண்ணெய் வார்த்தார். பழைய இங்கிலிஷ் கார்க்காரர்கள் ஞாயிறு காலை பூங்காவில் கூடுகிறார்களாம். "மொரிஸைக் கொண்டுவா, நாகி" என்றார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஜெயரட்ணம் 'இஞ்சேர்' என்று கூப்பிட்டு வந்தவளுக்கு, நேற்றுப் பழகிய கிழவன் செல்லப்பெயர் வைத்துவிட்டான். பிறகுதான் கீத் அவர் பக்கம் திரும்பினார். "யூ டூ, ஜே." நீயும் வாவாம். அவருடைய காருக்கு அவரே ஒட்டு.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஜெயரட்ணம் காரின் முன்பக்கத்துப் பொனெற்றைத் தூக்கி, நடுவிலிருந்த தடித்த வயரைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். இன்றைக்கு ஒருநாள் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சேலையோடு வந்தவள் திறப்பைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். கார் முனகியது, பிடிக்கவில்லை. முகம் வாடி இறங்கினாள்.

"கண்பட்டுப் போச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது எண்டு சும்மாவே சொன்னவை?"

"விசர்க்கதை கதையாதை" என்றார் அவர்.

அவள் கேட்கவில்லை. உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்து காரை மூன்றுமுறை சுற்றினாள். பக்கத்திலிருந்த காஸ் பாபிகியூ அடுப்பை மூட்டி நெருப்பில் போட்டாள். கமறினால் கண்ணூறு இல்லை. கமறாவிட்டால் யாரோ வயிறெரிந்து பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் காலமெல்லாம் நக்கலடித்த மனிதர், சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். உப்பு வெடித்தது. மிளகாய் கறுத்துச் சுருண்டது. காற்றில் ஒரு நெடியும் இல்லை.

நாகேஸ்வரி மூச்சை இழுத்துப் பார்த்தாள். "கமறேல்லையப்பா."

"எனக்குக் கமறுது" என்று ஜெயரட்ணம் இருமினார்.

அவள் அவருடைய முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு போய்ப் பொனெற்றைத் தூக்கினாள். விரல் தேடவில்லை, நேரே அந்த வயருக்குப் போனது. அமத்திவிட்டு, கையைத் துடைத்து, ஏறித் திறப்பைத் திருப்பினாள். மொரிஸ் உடனே பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு வாசலில் கீத் கையை உயர்த்தினார்.

அவள் சரிந்து, இடப்பக்கக் கதவின் பூட்டை உள்ளேயிருந்து தூக்கிவிட்டாள்.

"ஏறுங்கோ, பிந்துது."

ஜெயரட்ணம் நெருப்பை அணைக்காமல் நின்றார். அவள் இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இன்னொருமுறை இருமினார்.