பதினான்காம் அறையின் சிவப்பு நூல்

அக்கா, பெரிய கப்பலை விட்டுச் சின்னக் கப்பலுக்கு ஏன் போனான் என்று அம்மா இன்னும் புலம்புகிறாள் என்றாய். மாமா போனில் சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும்.

"என்ன மாப்ள, கப்பல்லேர்ந்து எறங்கி ஓடத்துல ஏறிட்டியாமே. துடுப்பு குடுத்துட்டாங்களா?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன். வேலை நிலைக்குமா என்று எனக்கே தெரியாத நேரம். பத்து நாள் பயணம் ஒன்று. அது முடியும்போது அறைகளுக்குப் பொறுப்பான மேடம் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார். அனுப்பினால் நேரே வீடுதான். பெரிய கப்பலில் என் இடத்துக்கு அதற்குள் ஆள் வந்துவிட்டது.

பெரிய கப்பலைப் பற்றி உங்களுக்கு நான் அனுப்பியதெல்லாம் சறுக்குமரமும் நீச்சல்குளமும்தான். நான் வேலை பார்த்தது ஐந்தாம் தளத்து நடைபாதையில். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே நிறக் கதவுகள். நாலாயிரம் பயணிகள், எனக்குப் பதினெட்டு அறைகள். அங்கே எங்களுக்குப் பயணிகளைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பயணி மாதிரியே கம்பெனி ஆள் ஒருவர் வந்து தங்குவார். கட்டிலுக்கு அடியில் ஒரு கிளிப் போட்டு வைப்பார், இழுப்பறையில் ஒரு முடியை ஒட்டி வைப்பார். சுத்தம் செய்கிறவன் அதை எடுத்து, பையில் போட்டு, அறை எண்ணும் நேரமும் எழுதி ஒப்படைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு இரண்டு விழுந்திருந்தது. அதனால்தான் சின்னக் கப்பலில் ஆள் கேட்டதும் கையைத் தூக்கினேன்.

தூக்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது. எனக்கு ஒன்பதே அறைகள். கப்பல் முழுக்க எழுபத்து நாலு பயணிகள். அவர்களுக்குச் சமைக்கிற அடுப்பில்தான் எங்களுக்கும் சமையல். இவ்வளவு நல்ல வேலை ஏன் காலியாகக் கிடக்கிறது?

முதல் நாள் காலை படியில் ஏறும்போது கேப்டன் எதிரே வந்தார். என் பெயரைச் சொல்லி, "தூக்கம் வந்துச்சா?" என்றார். பெரிய கப்பலில் கேப்டன் என்றால் ஒலிபெருக்கியில் வருகிற குரல். இவருக்கு என் பெயர் எப்படித் தெரியும், என் தூக்கத்தைப் பற்றி எதற்குக் கேட்கிறார்? நாள் முழுக்க அதையே யோசித்தேன்.

என்னோடு அறையில் இருந்தவர் ரொட்டி சுடுகிறவர். எல்லோருக்கும் அவர் ரொட்டி அண்ணன். அவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே, எனக்கு முன்னாடி இருந்தவன் ஏன் போனான்?"

"கல்யாணம்."

"அவ்வளவுதானா?"

"அதுவே போதாதாடா ஒருத்தனுக்கு?"

சிரித்துக்கொண்டே மாவுக் கையைத் துடைத்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

பதினான்காம் அறையில் ஒரு கணவன் மனைவி. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூட டீச்சர் என்பது அவர் கேள்வி கேட்கும் விதத்திலேயே தெரிந்தது. முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா இந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு வருவீங்க? நாளைக்கும் நீங்கதானா, ஆள் மாறுமா?"

"நானேதாம்மா. எட்டரைக்கு மேல வருவேன்."

"பேரு?"

சொன்னேன். ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அக்கா, நீயே சொல். எந்தப் பயணி அறை துடைக்கிறவன் பெயரை நோட்டில் எழுதுவார்? கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஜோடி போட்டு வந்த கம்பெனி ஆள்தான் என்று எனக்கு அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை வேலை முடித்து வெளியே வந்தால், கதவின் வெளிக் கைப்பிடியில் ஒரு சிவப்புக் கம்பளி நூல். ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஓகோ, ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவிழ்த்தேன், பையில் போட்டேன், சீட்டு எழுதினேன்: 'அறை 14, காலை எட்டேமுக்கால், சிவப்பு நூல் ஒன்று, வெளிக் கைப்பிடியில்.'

அடுத்த நாள் மறுபடியும் நூல், இரட்டையாக. அதற்கடுத்த நாள் மூன்று நூலைச் சேர்த்துப் பின்னியிருந்தது, முடிச்சும் இரண்டு. கூடவே படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பியிலும் ஒன்று. சோதனையைக் கடுமையாக்குகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். நகத்தால் முடிச்சை அவிழ்த்து எல்லாவற்றையும் பையில் போட்டேன். ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. தோற்கிற இன்ஸ்பெக்டர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ரொட்டி அண்ணனிடம் பட்டும்படாமல் கேட்டுப் பார்த்தேன்.

"பதினாலுல இருக்கிறவங்க கம்பெனி ஆளுங்களாண்ணே?"

"யாரு, டிரைவர் சாரா?" என்றார். "முப்பது வருசம் பஸ் ஓட்டுன மனுசன்டா. போய் வேலையப் பாரு."

டிரைவர் என்பது வெளியில் சொல்கிற கதையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நூலைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை. ஒரே அறையில் தூங்குகிறவர் என்பதற்காக நம்பிவிட முடியுமா?

ஆறாம் நாள் ஒரு சின்னத் துறையில் கப்பல் நின்றது. பெரிய கப்பல்கள் அங்கே நுழையவே முடியாது. நாங்கள் கரையை ஒட்டியே கட்டிவிட்டோம். இறங்குபலகையில் பத்து அடி வைத்தால் தெரு. ஏறக்குறைய எல்லோரும் ஊர் பார்க்கப் போய்விட்டார்கள். டீச்சரம்மாவும் போனார். கணவர் தூங்குகிறார், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று கப்பல் வாசலில் காவல் நின்றவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் பதினேழாம் அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். காலையில் எடுத்த நூல்கள் பையில் பத்திரமாக இருந்தன. நடைபாதையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். டிரைவர் கையில் காலி டீக் கோப்பையோடு மேலேயிருந்து இறங்கி வந்திருந்தார். ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கையும் தொட்டார், தாண்டிப் போய்விட்டார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயணி ஒருவர் அடுத்தவர் அறையைத் திறக்கப் பார்த்தால் இவன் என்ன செய்கிறான் என்று சோதிக்கிறார்கள். பெரிய கப்பலில் அதற்கு விதி இருந்தது: பேசக் கூடாது, தொடரக் கூடாது, பார்த்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிராலிக்குப் பின்னால் நின்று குறித்துக்கொண்டேன். அவர் நடைபாதை முனைவரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். மூன்றாவது முறை என் பக்கம் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் துண்டுகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது ஆளைக் காணவில்லை.

படியேறிப் போனேன். அவர் இறங்குபலகையில் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் நிற்கவேண்டியவர் யாரோ ஒரு பயணியின் சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரையில் இருந்தார். அந்தப் பக்கம் தெருவில் வண்டிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. டிரைவர் கோப்பையைக் கம்பியின்மேல் வைத்துவிட்டு அடுத்த அடி எடுத்தார். இதுவும் சோதனையாக இருந்தால், ஓடிப்போய்க் கையைப் பிடித்தால், பயணியைத் தொட்டான் என்று மூன்றாவது குறி விழுமே என்று நின்றேன்.

சமையலறைக் கதவருகில் காற்று வாங்கிக்கொண்டிருந்த ரொட்டி அண்ணன் அவசரமே இல்லாமல் நடந்து போனார்.

"டிரைவர் சார், இது நம்ம ஸ்டாப் இல்லையே."

டிரைவர் திரும்பினார். "இல்லையா? போர்டக் காணோமேப்பா. எல்லாத்தையும் பாத்தேன். ஒரு கதவுலயும் இல்ல."

"இருக்கும் சார். வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நானும் பின்னால் போனேன். பதினான்காம் அறைக்கு வந்ததும் ரொட்டி அண்ணன் வெறும் கைப்பிடியைப் பார்த்தார், பிறகு என் டிராலியில் தொங்கிய பையைப் பார்த்தார். டிரைவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, டீச்சரம்மா வரும்வரை வாசலிலேயே நின்றார்.

மதியம் மேடம் கூப்பிட்டார். உள்ளே டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். மேசையில் என் பை.

"இவங்க உன்மேல புகார் குடுத்திருக்காங்க," என்றார் மேடம். "வேணும்னே வெளையாடுறியாம். என்ன இது?"

நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எட்டு நூல், எட்டுச் சீட்டு. பெரிய கப்பலில் எப்படிச் சோதிப்பார்கள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. டீச்சரம்மா சீட்டுகளைக் கையிலெடுத்து, விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒன்று விடாமல் படித்தார்.

"திருடி வெச்சிருந்தா நேரம் எழுதியிருக்க மாட்டே," என்றார் கடைசியில். அதுவரை 'நீங்க' என்றவர்.

பிறகு மேடத்தைப் பார்த்துதான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"போன வருசம் பெரிய கப்பல்ல போனோம். இவருக்கு மறதி அப்பத்தான் ஆரம்பம். காபி வாங்க நான் வரிசையில நின்னேன், திரும்பிப் பாத்தா ஆளில்ல. பதினோரு மாடி. ரூம் நம்பர் என்னன்னு கேட்டிருக்காங்க. இவரு தான் ஓட்டுன பஸ்ஸோட நம்பரச் சொல்லிருக்காரு. அந்த நம்பர்லயும் அங்க ஒரு ரூம் இருந்துச்சு. மரியாதையா கொண்டுபோய் அந்தக் கதவு முன்னாடி விட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு மணி நேரம் அங்கயே நின்னுருக்காரு, யாராவது தொறப்பாங்கன்னு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க முப்பத்தெட்டு ரூம்தான். அந்த நம்பரச் சொன்னா யாரும் எங்கயும் விட முடியாது. அதுக்காகத்தான் இந்தக் கப்பல்ல ஏறுனோம். எங்க ரூம் எதுன்னு இவருக்கு அடையாளம் தெரியத்தான் அந்த நூல். ஒவ்வொருத்தர் பேரா எழுதி, ஆளப் பாத்துப் பழகி, நம்பிக்கை வந்ததும் விஷயத்தச் சொன்னேன். அவரு பேரக் கப்பல் பூரா பரப்ப வேணாம்னும் கேட்டுக்கிட்டேன். இந்தப் பையன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். நூல எடுக்கிறது இவன்தான்னு தெரிஞ்சதும் பயந்துட்டேன். என்ன மனசுல வெச்சுட்டு எடுக்கிறானோன்னு."

நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னைச் சந்தேகப்பட்டார். நடுவில் அந்த மனுஷன் கைப்பிடி தடவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். டீச்சரம்மா கைப்பையிலிருந்து நூல் உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இனிமே நீயே கட்டு. கண்ணு மட்டத்துக்கு வேணாம், கைக்குத் தட்டுப்படணும்."

மேடம் "இன்னும் நாலு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அக்கா, அந்த 'இன்னும்' என்னைப் பாடாய்ப் படுத்தியது. அன்றைக்கு மாமா மறுபடி போன் செய்தபோதுதான் நான் எடுக்காமல் விட்டேன்.

நாலு நாளும் காலையில் முதல் வேலையாக நூலைச் சரிபார்த்தேன். கதவில் ஒன்று, படித் திருப்பத்தில் ஒன்று. டிரைவர் டீ குடித்துவிட்டு வருவார், கைப்பிடியைத் தொடுவார், "வந்தாச்சு" என்பார். என்னிடம் ஒரு தரம், "கண்டக்டர் புதுசா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

பத்தாம் நாள் பயணிகள் இறங்குவதற்கு முன்பே மேடம் கூப்பிட்டார். மேசையில் அடுத்த பயணத்துக்கான ஆள் பட்டியல். என் இடம் காலியாக இருந்தது, தலைகீழாகப் பார்த்தாலும் தெரிந்தது.

"நேத்து உன் ரூமுங்கள்ல சில இடத்துல மஞ்சள் கிளிப் இருந்துச்சா?"

பையிலிருந்து எடுத்து வைத்தேன். எட்டுக் கிளிப், எட்டுச் சீட்டு.

"அப்ப இங்கயும் சோதனை உண்டா மேடம்?"

"உண்டுதான். வேற ஆள எதுக்கு வரவழைக்கணும், நான் இருக்கேன்ல? ஒம்பது ரூம்லயும் போட்டேன். பதினாலுல இருந்தது எங்க?"

"அங்கயேதான் இருக்கு மேடம், அலமாரி ஓரத்துல. பாத்தேன். டிரைவர் சார் அடையாளத்துக்கு வெச்சிருப்பாரோன்னு எடுக்கல. டீச்சரம்மாகிட்ட கேட்டுட்டு எடுக்கலாம்னு விட்டுட்டேன்."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பட்டியலை இழுத்து, காலியாக இருந்த இடத்தில் என் பெயரை எழுதினார்.

"போ. அவங்க பெட்டிய எறக்கணும்."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

பென்சிலில் எழுதினாரா, பேனாவிலா என்று பார்க்கத்தான் வந்தேன். பேனாதான் அக்கா. மாமாவிடம் சொல்.