பத்தில் ஒன்று

தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் பொய் பேசாமல் முத்திரை குத்தினேன். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தக் கெட்ட பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது வானிலைதான் என் தொழில். கைபேசியில் ராடார் படம், மொட்டை மாடியில் ஒரு மழைமானி, மிச்சமெல்லாம் என் வாய். இரண்டு மில்லிமீட்டர் தூறலுக்கு, அடையாறு பாலத்தில் பேருந்து மிதக்கும் என்பேன். போன கோடையில் ஆலங்கட்டி தேங்காய் அளவில் விழும் என்று சொல்லி, பெசன்ட் நகர் மாமி ஒருத்தியை ஹெல்மெட்டோடு வடாம் காய வைக்கச் செய்தவன் நான்.

தினமும் காலையில் ஊரூர் குப்பத்தில் தேவானையிடம் மீன் வாங்குவேன். அறிக்கை இலவசம். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரித்துவிட்டுக் கணக்குப் போடுவாள்.

"கருணாகரன் நைனா சொல்றத பத்தால வகு. அதான் மழ."

அதிசயமாக அது பலித்துக்கொண்டே இருந்தது. அவள் சொன்னால்தான் அவள் புருஷன் அம்மாசி படகைத் தள்ளுவான். என் புளுகை நம்பி ஒரு படகு ஓடுகிறதே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை மணி. ராடாரில் திருத்தணிப் பக்கம் சிவப்பு, அதற்குள் ஊதா. நேராகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முதல்முறையாக எனக்கு அளக்கத் தோன்றவில்லை. தேவானையைக் கூப்பிட்டேன்.

"நாலு மணிக்கு மேல இடி மின்னல் வரும்மா. அம்மாசிய அனுப்பாதே."

"அவ்ளோதானா? இன்னா நைனா, ஒடம்பு சரியில்லையா?"

"இது முழுசு. வகுக்காதே."

"இது புது பீலாவா கீதே!" என்று சிரித்தாள். பக்கத்தில் அம்மாசியின் குரல். "வானம் கண்ணாடியா கீது. பெர்சுக்குப் பொழுது போவல. வைய்யி போன."

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பேசியபோதே வானம் ரெண்டாகப் பிளக்கும், கடல் மயிலாப்பூர் குளம் வரை வரும் என்று அலறியிருந்தால், பத்தால் வகுத்துச் சரியான இடத்துக்கு வந்திருப்பாள். அந்தச் சமயம் பார்த்து யோக்கியனானேன்.

ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது படகு போய்விட்டிருந்தது. மேற்கே வானம் கறுத்தது. நாலே காலுக்கு, ஒரு சொட்டு விழுமுன், கடலின் மேல் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது.

அம்மாசியின் தம்பி செம்பியன்தான் படகைத் திருப்பிக்கொண்டு வந்தான். அம்மாசி வலைமேல் மல்லாந்து கிடந்தான். சட்டைகூடக் கிழியவில்லை.

"மழகூட இல்ல அண்ணி," என்றான் செம்பியன். "வலைய இஸ்துகினு இருந்தான். அப்டியே..."

ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன்பிறகுதான் மழை பிடித்தது. தேவானை அழவில்லை. நனைந்தபடி என்னிடம் வந்தாள்.

"நான்தான் போவச் சொன்னேன். லேசா தூறும், போய்ட்டு வான்னு. நைனா, நீ மெய்யாலுமே தெரிஞ்சிதான் சொன்னியா?"

கண்ணைப் பார்த்தேன். என் பதிலில்தான் அவள் மிச்ச வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு எங்கம்மா தெரியும்? எப்பவும்போல அளந்தேன். அதுபாட்டுக்கு வந்துடுச்சு."

ஒரு பிடி ஈர மணலை அள்ளி என் முகத்தில் அடித்தாள். "உன் வாய் அழுவிப் பூட!" அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைக்காமல் அங்கேயே நின்றேன். மறுபடி குனிந்து அள்ளினாள்.