ஒரு சொட்டும் விழாத மொட்டை

இப்போதெல்லாம் கழுத்தில் கத்தி இருக்கும்போதுகூட எவனும் வாயை மூடுவதில்லை. போனில் பேசுகிறான், சிரிக்கிறான், எச்சில் விழுங்குகிறான். கீறல் பட்டதும் கத்தி சரியில்லை என்கிறான். உஸ்கென் ஊர்ச் சந்தையில், உஸ்தா என்று கூப்பிட்டுக்கொண்டு என் சவர நாற்காலியில் உட்காருகிற எவனுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அசையாதே. தோல் வெந்நீரில் ஊறியிருக்க வேண்டும். கட்டைவிரலால் அதை இழுத்துப் பிடித்து, கத்தியைப் படுத்தவாக்கில் மயிர் போகிற போக்கிலேயே விட வேண்டும். அழுத்தக் கூடாது. வேலையில் பாதி என் கையில், மீதி உட்கார்ந்திருப்பவன் கையில். அந்த மீதியை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

ஓரோஸ்பெக் வீட்டில் அந்த மீதி, நாற்பது நாள் குழந்தையாக இருந்தது.

பேரனுக்கு முதல் முடி எடுக்கக் கூப்பிட்டிருந்தார். மகன் ரஷ்யாவில் வேலையில் இருக்கிறான். முற்றம் நிறைய உறவுக்காரர்கள், போர்சோக் மாவுத்துண்டு பொரிக்கிற எண்ணெய் வாசம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த மருமகளைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அனார்குல். எங்கள் தெருப் பெண்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், சமத் என்று பெயர். பால்பல் விழுந்த ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. உப்புநீர் வைத்தார்கள், சாம்பல் வைத்தார்கள், ஓதிப் பார்த்தார்கள். நிற்கவே இல்லை. தலையணையெல்லாம் சிவந்து, பையன் வெளுத்துப்போய்ச் செத்தான். அவள் அம்மாவின் அண்ணனும் சிறுவயதில் இப்படித்தான் போனாராம். அந்த வீட்டில் பெண்களுக்கு ஒன்றும் வராது. ஆண்பிள்ளைகளுக்குத்தான் ரத்தம் உறைவதில்லை.

முதல் கற்றையைத் தாய்மாமன் எடுப்பது வழக்கம்.

"இவ தம்பி காய்ச்சல்ல போயிட்டானாம், பாவம்," என்றார் ஓரோஸ்பெக். "மாமன் இடத்துல நீயே எடுத்துரு, உஸ்தா."

காய்ச்சலாம். பெண்ணைக் கட்டிக்கொடுக்க அவள் வீட்டில் சொன்ன பொய். அனார்குல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் கும்பிட்டாள்.

துணியை விலக்கினேன். குழந்தையின் மார்பிலும் தொடையிலும் நீலமாய்ப் பட்டை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது.

"இது என்ன?"

"தொட்டில் கட்டு கொஞ்சம் இறுகிருச்சு," என்றார் ஓரோஸ்பெக்.

எல்லாப் பிள்ளையையும்தான் இங்கே துணிப்பட்டியால் மரத்தொட்டிலோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகிறது?

"இன்னிக்கு வேணாம்," என்றேன்.

"ஏன், கை நடுங்குதா? வயசாயிருச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்!" ஓரோஸ்பெக் சொன்னதற்குச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஊர் ஆட்டுக்கெல்லாம் மயிர் கத்தரிக்கிறவன் நான். கொண்டா, நானே இழுத்துர்றேன்."

கையை நீட்டினார். மண்வெட்டி மாதிரிக் கை. நான் கத்தியைக் கொடுக்கவில்லை. நான் எடுக்காவிட்டால் அந்தக் கைதான் எடுக்கும்.

"பால் குடு, நல்லா தூங்கட்டும்," என்றேன் அனார்குலிடம். "தூங்கினாத்தான் தொடுவேன்."

குழந்தை தூங்கியது. வெதுவெதுப்பான துணியைத் தலையில் போட்டு, மயிர் ஊறும்வரை காத்திருந்தேன். கத்தியைத் தோல்வாரில் மறுபடி மறுபடி தீட்டினேன். மழுங்கின கத்திதான் அழுத்தச் சொல்லும். பிறகு பக்கவாட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு நகத்தளவு இழுப்பு, ஒரு நிறுத்தம். உச்சிக்குழி துடித்துக்கொண்டிருந்தது. அங்கே தோலை இழுத்துப் பிடிக்கவும் முடியாது, கத்தியின் பாரத்தை இறக்கவும் முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலாக வழித்தேன். என் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

ஓரோஸ்பெக் படம் எடுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு மேலே சாய்ந்தார். நிழல் விழுந்தது.

"அந்தாண்ட போய்யா! கண்ணு தெரியல!"

என் சத்தத்தில் குழந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலை வெட்டித் திரும்பியது. இமை அசைந்தபோதே கத்தியை எடுத்திருந்தேன். எடுக்காமல் இருந்திருந்தால்? அனார்குல் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மறுபடி அவன் தூங்கும்வரை ஒருவரையும் பேச விடவில்லை.

முடிந்ததும் ஈரத் துணியால் தலையைத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தீங்களா!" பேரனைத் தூக்கிக் காட்டினார் ஓரோஸ்பெக். "ஒரு சொட்டு இல்ல! அடுத்த வாரம் மகன் வர்றான். அவன் திரும்பிப் போறதுக்குள்ள சுன்னத்தையும் முடிச்சிரணும். அதுக்கும் நீதான், உஸ்தா."

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நான் வர மாட்டேன். வேற எவனையும் தொட விடாத. மொதல்ல ஆஸ்பத்திரியில புள்ளையோட ரத்தத்தைப் பாக்கச் சொல்லு. வெள்ளைக் கோட்டுக்காரங்களை நானும் நம்புறவன் இல்ல. ஆனா இதை அவங்கதான் பாக்கணும். இவ தம்பி காய்ச்சல்ல சாகல. ரத்தம் நிக்காமச் செத்தான்."

ஓரோஸ்பெக் மருமகள் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

அவள் தரையைப் பார்த்தாள். "காய்ச்சல்தான் மாமா."

"கேட்டியா? அதுவும் போகட்டும். ரத்தம் நிக்காத புள்ளைன்னா, கத்தி போட்ட தலை இப்படியா இருக்கும்?"

"தோல்ல கீறல் பட்டாத்தானே ரத்தம் வரும்? நான்தான் படவே விடலையே!"

"அப்ப உன் கைவேலையில குத்தமே இல்லங்குற!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். என் கைச்சுத்தமே அந்தப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தால் நம்பியிருப்பார்கள். அதற்குள் பிள்ளை என்ன ஆகியிருக்கும்?

வாசலில் அனார்குல் ரொட்டியோடு ஓடி வந்தாள்.

"தாத்தா, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

"இப்பத்தானே காய்ச்சல்னு சொன்ன?"

"அத்தன பேர் முன்னாடி வேற என்ன சொல்ல?"

"எப்பப் போவ?"

"அவரு வரட்டும், கேட்டுட்டு..."

"அவன் வந்தா கூடவே கத்தியும் வரும், பைத்தியக்காரி. நாளைக்கே போ."

உள்ளேயிருந்து மாமனார் டீ கேட்டுக் குரல் கொடுத்தார். "வர்றேன் மாமா" என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சரி சரி என்று வேகமாகத் தலையாட்டினாள். போவாளாம். தலையாட்டினால் நம்பிவிட நான் என்ன குழந்தையா? கத்திப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தேன்.