வாபஸ்

இசைவாணியை அடித்துவிட்டார்கள் என்று போன் வந்தபோது, பிரகதாம்பாள் ஆவுடைக்குளம் சுகாதார நிலையத்தின் தடுப்பூசி அறையில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த இசைவாணி?" என்று கேட்டாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் கிராமச் செவிலியர்களில் அந்தப் பெயரில் ஒருத்திதான் உண்டு. தெரிந்தேதான் கேட்டாள்.

"நம்ம சிறுமணல்குடி இசைவாணிதான்க்கா. மாசமா இருக்கிற பொம்பளைங்க அத்தன பேரு உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடியே கன்னத்துல அடிச்சுட்டுப் போயிட்டான். நீங்க சீக்கிரம் வாங்க." பேசியது மணிமேகலை. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு மேற்பார்வைச் செவிலி. எதற்கும் லேசில் பதறாதவள்.

ஜீப்பை டாக்டர் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு மீட்டிங் போயிருந்தார். பிரகதாம்பாள் ஆட்டோ பிடித்துப் போனாள். வழியெல்லாம் சீமைக்கருவேலை, அதைத் தாண்டினால் உப்புப் பூத்த தரை. இந்தத் தடத்தில்தான் அவளும் கிராமச் செவிலியாகச் சைக்கிள் மிதித்துத் தொடங்கினாள். இன்று வட்டாரத்தின் செவிலியர் எல்லோருக்கும் அவள்தான் தலைமை. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கருக்கலைப்பு மாத்திரை தின்று ரத்தம் போகிறவளை வண்டியில் ஏற்ற வேண்டுமானாலும் அவளைத்தான். பெண்கள் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்த ஒன்றிரண்டு பேர்கூட.

துணை சுகாதார நிலையத்தின் வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே இசைவாணி ஒரு கர்ப்பிணியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் விரல் தடங்கள் பதிந்து கன்றியிருந்தன. பிரகதாம்பாளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு பேருதான்க்கா. முடிச்சுட்டு வாரேன்" என்றாள்.

நடந்ததை மணிமேகலை சொன்னாள். முதல் நாள் புதன்கிழமை, ஊசி நாள். சத்யா என்ற பெண்ணின் இரண்டரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு, காய்ச்சல் வந்தால் கொடுக்கச் சொல்லிச் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் இசைவாணி. காய்ச்சல் வந்திருக்கிறது. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மருந்துக்கு மேல் மருந்தா என்று வீட்டில் யாரோ தடுத்துவிட, சொட்டு மருந்தின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை. பிள்ளை விடிய விடியக் கத்தியிருக்கிறது. அறந்தாங்கிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர் அதே மருந்தைக் கொடுத்து, இது ஊசிக் காய்ச்சல்தான், போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பிள்ளை பால் குடித்துத் தூங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் சத்யாவின் அண்ணன் நாகராசு பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். செருப்போடு உள்ளே நுழைந்தான். "எம் மருமயனக் கொல்லப் பாத்தியாடி" என்றான். அவள் எழுந்து பதில் சொல்வதற்குள் அடித்துவிட்டான்.

பிரகதாம்பாள் அங்கேயே நின்று ஒவ்வொருத்திக்காகப் போன் போட்டாள். மதியத்துக்குள் வட்டாரத்துச் செவிலியர் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து இறங்கிவிட்டார்கள். ஸ்கூட்டியில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி. சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொல்லி, "ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கலாமேம்மா" என்றார்.

"நாங்க ஊருக்குள்ள ஊசி போடப் போறவங்க சார். பஞ்சாயத்துப் பேச இல்ல" என்றாள் பிரகதாம்பாள். "ஆஸ்பத்திரிப் பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் போடுங்க. ரசீது கையில வந்தாத்தான் இந்தப் புள்ளைங்க எந்திரிக்கும்."

ரசீது வந்தது. வெளியே வந்ததும் இசைவாணியின் தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். "யாரும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்" என்றாள். மணிமேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிர்த்த டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார்கள். யாரோ எதற்கோ சிரிக்க, இசைவாணியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போன பிரகதாம்பாள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குத் தன்னைப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை டாக்டர் கோபிநாத் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயது. நல்ல மனிதர்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை முகாம் இருக்குங்கம்மா. அமைச்சர் வர்றார். பந்தல், சாப்பாடு, கூட்டம் எல்லாமே கவுன்சிலர் சிவசாமி பொறுப்பு. சிவசாமிக்கு எல்லாம் இந்த நாகராசுதான். இப்ப அவன உள்ள தூக்கி வச்சா..."

"அடிச்சது அவன் சார்."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?" அவர் மேசையிலிருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "மேல இருந்து பேசுறாங்க. ஒங்ககிட்ட பேசணும்னாங்க."

போனை நீட்டினார். மாவட்ட அதிகாரியின் குரல் அன்பாக இருந்தது. சௌக்கியமா என்று கேட்டார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பிரகதாம்பா, மாவட்டத்துப் பதவி உயர்வுக்கு ஒங்க பேரு மேலதான் இருக்கு. இந்த நேரத்துல வட்டாரம் அமைதியா இருக்கணும் பாருங்க. ஒங்க பொண்ணுங்க ஒங்க பேச்சக் கேப்பாங்க" என்றார். இசைவாணி என்ற பெயரையே அவர் எடுக்கவில்லை. பிரகதாம்பாளும் எடுக்கவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தபோது டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு இசைவாணியின் வீட்டுக்குப் போனாள். இசைவாணியின் புருஷன் குவைத்தில் இருந்தான். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளையோடு வாடகை வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் வரும்போதே பிரகதாம்பாள் பேச்சையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். ஊசி வேண்டாம் என்று ஓடி ஒளிகிற குடும்பங்களோடு எத்தனை வருஷம் பேசியிருக்கிறாள். முதலில் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும், அப்புறம் பயத்தைக் காட்ட வேண்டும், அதன் பிறகு வழியையும் நாமே சொல்ல வேண்டும். அந்த வித்தை முழுவதையும் அன்றைக்குத் தன் செவிலிப் பெண்ணிடமே காட்டினாள்.

"அவன சும்மா விடக்கூடாதுதான். ஆனா கேஸு கோர்ட்டுன்னு வருசக்கணக்கா இழுக்கும்டீ. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுட்டு நீ நிக்கணும். வக்கீலு என்னென்னமோ கேப்பான். வீட்டுல ஆம்பள இல்ல. பொம்பளப் புள்ளய வச்சிருக்க. அந்த ஊருக்குள்ளதான் நாளைக்கும் நீ போய் வரணும்."

இசைவாணி கேட்டுக்கொண்டிருந்தாள். உள் அறையில் பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"எல்லார் முன்னாடியும் அவன மன்னிப்புக் கேக்க வைக்கிறேன். அது என் பொறுப்பு."

"அக்கா" என்றாள் இசைவாணி. "இது நீங்க சொல்றதா, சொல்லச் சொல்லி அனுப்புனதா?"

பிரகதாம்பாள் அவள் கண்ணைப் பார்த்தாள். பார்க்காமல் சொல்லியிருந்தால்கூடப் பின்னால் மனசுக்குக் கொஞ்சம் இடம் இருந்திருக்கும். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நான்தாண்டீ சொல்றேன். என்னய யாரு அனுப்புவா?"

"அப்ப சரிங்கக்கா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

சனிக்கிழமை டாக்டர் அறையில் சமாதானம் நடந்தது. சிவசாமி நான்கைந்து ஆட்களோடு வந்தார். நாகராசு வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தான். "ஒரு வேகத்துல நடந்துபோச்சு, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றான். சொன்னது டாக்டரைப் பார்த்து. இசைவாணி சுவரோரமாக நின்றாள். வாபஸ் காகிதத்தை யாரோ நீட்ட, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். கைக்கு ஆதாரமாக மேசை வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுத்து கோணிப் போனது. பிறகு சிவசாமி ஒரு பையிலிருந்து பொன்னாடை எடுத்து டாக்டருக்குப் போர்த்தினார். இன்னொன்றை எடுத்துப் பிரகதாம்பாளுக்குப் போர்த்தினார். "அம்மா மாதிரி பெரியவங்க இருக்கவும்தான் ஊரு ஊரா இருக்கு" என்றார். ஒருவன் போட்டோ எடுத்தான். மணிமேகலை அறைக்கு வெளியே கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலைக்குள் அந்தப் போட்டோ எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. அதில் பிரகதாம்பாள் தோளில் சரிகைத் துண்டோடு கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இசைவாணி படத்திலேயே இல்லை.

முகாமுக்கு அமைச்சர் வரவில்லை. வேறு நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். பிரியாணி மிஞ்சியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாராந்தரக் கூட்டம். பிரகதாம்பாள் ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மணிமேகலையின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்று, "எங்க பகுதியில எல்லாம் முடிஞ்சிருச்சு மேடம்" என்றாள். பிரகதாம்பாள் நிமிர்ந்தாள். அடுத்தவளும் 'மேடம்' என்றாள். அதற்கடுத்தவளும். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார்கள், இதுவரை இல்லாத ஒழுங்கோடு. இசைவாணி மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினாள். "முடிச்சுட்டேங்க. அனுப்பிட்டேங்க." அக்காவும் இல்லை, மேடமும் இல்லை. மதியம் சாப்பாட்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். பிரகதாம்பாள் தன் மேசையிலேயே சாப்பிட்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம், தன்னைப் பற்றித்தானோ என்று காதைக் கொடுத்தாள். என்னை நம்பி எத்தனை குடும்பம், நான் மேலே போனால் இவளுகளுக்குத்தானே நல்லது செய்வேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினாள்.

ஒரு மாதம் கழித்துச் சத்யாவின் குழந்தைக்கு மூன்றாவது தவணை வந்தது. அவர்கள் ஊசிக்கு வரவில்லை. விட்டுப்போன பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ப் போட்டாக வேண்டும்.

"நான் போய்ப் போட்டுட்டு வர்றேன். நீ வராத" என்றாள் பிரகதாம்பாள்.

"என் ஊருங்க. நான்தான் போடணும்" என்றாள் இசைவாணி. கொஞ்சம் பொறுத்து, "நீங்க வர்றதுன்னா வாங்க" என்றாள்.

போனார்கள். நாகராசு வீட்டில்தான் இருந்தான். "வாங்கக்கா, வாங்க" என்று எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் பிரகதாம்பாளுக்குப் போட்டான். குளிர்ந்த கலர் வரவழைத்தான். இசைவாணி யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து ஊசிப் பெட்டியைத் திறந்தாள். சத்யா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நாகராசு சுவரில் சாய்ந்துகொண்டான். "என்ன நர்ஸம்மா, இந்தத் தடவ காய்ச்சல் வராதுல்ல? வந்துச்சுன்னா அப்புறம் தெரியும்ல?" என்று கையை லேசாக ஓங்குகிற மாதிரி காட்டிவிட்டுச் சிரித்தான். வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கிற பேச்சுத்தானே.

பிரகதாம்பாளின் உதடும் விரிந்தது. அவள் அதை வேண்டுமென்று செய்யவில்லை. பெரிய மனிதர்கள் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து விரிந்து பழகிய உதடு. அது விரிந்த அந்த நொடியில் இசைவாணி மருந்தை உறிஞ்சிய ஊசியோடு தலையைத் தூக்கினாள். நாகராசுவைப் பார்க்கவில்லை. நேராகப் பிரகதாம்பாளைப் பார்த்தாள்.

"நீ கொஞ்சம் அங்கிட்டுப் போண்ணே" என்றாள் சத்யா. குரல் உயரவில்லை. "புள்ளைக்கு ஊசி போடுறாங்க. இங்க ஒனக்கு என்ன வேல?"

நாகராசுவின் சிரிப்பு நின்றது. தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தான். அவள் பார்வையை இறக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். பிரகதாம்பாளின் கையில் கலர் பாட்டில் வேர்த்துக்கொண்டிருந்தது. கீழே வைக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் தெரியவில்லை.

இசைவாணி குழந்தையின் தொடையைத் துடைத்து ஊசி போட்டாள். அது வீறிட்டது. சத்யா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் இசைவாணியின் முழங்கையைப் பிடித்தாள். அழுகை அடங்குகிற வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

திரும்பும்போது பஸ் இல்லை. இசைவாணி ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டு நின்றாள். பிரகதாம்பாள் பின்னால் ஏறினாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஊசிப் பெட்டி. இசைவாணி பெட்டியை முன்னால் வாங்கிக்கொள்ளவில்லை. நகர்த்தச் சொல்லவும் இல்லை. மணல் பாதையில் வண்டி தடுமாறியது. கடல்காற்று குறுக்கே அடித்தது. இசைவாணியின் தோள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளக் கை எழுந்து பாதியில் நின்றது. பிரகதாம்பாள் கையைப் பின்னால் கொண்டுபோய் வண்டியின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். கம்பி வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. விடவில்லை.